மூன்று லேப்டாப், ஒரே ப்ராஜெக்ட், மூன்று விதமான எரர்: டாக்கர் போட்டால் தீருமா?

கேள்வி | 9 ஜூன் 2024, இரவு 9.15

திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நாலாயிரம் புத்தகம் இருக்கும். பட்டியல் எல்லாம் கோடு போட்ட நோட்டில். அதை ஜாங்கோவில் (பைதானில் வெப்சைட் கட்டும் கருவி) ஏற்றலாம் என்று நண்பர்கள் மூன்று பேர் ஆரம்பித்தோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ். என்னிடம் விண்டோஸ் 11, எட்டு ஜிபி ராம். ஒருவனிடம் எம்1 மேக். இன்னொருவன் பழைய லேப்டாப்பில் உபுண்டு. பைதான் ஒருவரிடம் 3.9, ஒருவரிடம் 3.12. என்னிடம் ஓடுவது அவர்களிடம் ஓடுவதில்லை. வேலை செய்கிற நேரத்தைவிட இன்ஸ்டால் செய்கிற நேரம்தான் அதிகம். எல்லோரும் டாக்கர் போடு என்கிறார்கள், ப்ரோகிராமை அதற்கு வேண்டியதோடு பொட்டலம் கட்டி எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி ஓட்டுமாம். போட்டால் தீருமா, இல்லை அது இன்னொரு தலைவலியா? எங்கே ஆரம்பிப்பது?

பதில் | 9 ஜூன் 2024, இரவு 11.50

இந்தத் தலைவலி தீரும், வேறு வரும். புதிதாக வருவது மூன்று பேருக்கும் ஒரே மாதிரி வரும் என்பதுதான் லாபம்.

முழுவதையும் இன்றே போட வேண்டாம். போஸ்ட்கிரஸை மட்டும் கண்டெய்னரில், அதாவது டாக்கர் கட்டித் தரும் பெட்டியில், வையுங்கள். பைதான் வெளியே, அவரவர் லேப்டாப்பில் வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் இருக்கட்டும். மூன்று பேரும் 3.12-க்கு வந்துவிடுங்கள். ஒரே ஒரு கம்போஸ் ஃபைல் (எந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்ற குறிப்பு), அதில் ஒரே ஒரு சர்வீஸ், அதாவது ஒரு கண்டெய்னருக்கான பகுதி. டேட்டாவுக்குப் பெயர் வைத்த வால்யூம் ஒன்று, கண்டெய்னர் போனாலும் டேட்டா தங்கும் இடம். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் அதே ஃபைலில். பத்து வரி தாண்டாது.

இமேஜ் (கண்டெய்னரைக் கிளப்ப நெட்டிலிருந்து இறக்கும் அச்சு) பெயரை வெறும் போஸ்ட்கிரஸ் என்று விடாதீர்கள். பின்னால் 16-ஆல்பைன் என்று டேக், அதாவது பதிப்பைச் சொல்லும் சீட்டு, போடுங்கள். ஆல்பைனும் டெபியனும் லினக்ஸ் வகைகள். ஆல்பைன் சின்னது, வழக்கமான டெபியன் இமேஜில் ஏறக்குறைய பாதி. ஊரில் நெட் எப்படியோ, அதனால் சொல்கிறேன்.

கமாண்டுகளை இங்கே ஒலியாகத்தான் எழுதுவேன். காப்பி பண்ணி ஒட்டுகிறவர்கள் ஒரு தடவையாவது கையால் தட்டட்டும்.

10 ஜூன் 2024, காலை 7.05

உபுண்டு நண்பருக்கு 5432 போர்ட் (போஸ்ட்கிரஸ் பேசும் வாசல் எண்) ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று வருகிறதா? முன்பு எப்போதோ நேரடியாகப் போட்ட போஸ்ட்கிரஸ் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தலாம். இல்லையென்றால் கம்போஸில் போர்ட்டை 5433:5432 என்று மாற்றலாம். இடப்பக்கம் லேப்டாப், வலப்பக்கம் கண்டெய்னர். நான் இதை வருடக்கணக்காக மாற்றி மாற்றித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

பாஸ்வேர்டு விஷயம் ஒன்று. கம்போஸில் பாஸ்வேர்டை மாற்றினால் டேட்டாபேஸில் மாறாது. அந்த வரியை இமேஜ் படிப்பது வால்யூம் காலியாக இருக்கும் முதல் நாள் மட்டும்தான். அப்புறம் எத்தனை தடவை மாற்றினாலும் கண்டுகொள்ளாது. ஃபைலில் புது பாஸ்வேர்டு, உள்ளே பழைய பாஸ்வேர்டு. ‘நான் சரியாகத்தானே போட்டேன்’ என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் உட்கார்ந்திருக்கிறேன்.

10 ஜூன் 2024, இரவு 10.30

எட்டு ஜிபி போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும், ஆனால் இழுக்கும்.

கண்டெய்னர் தனிக் கணினி இல்லை. லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் கரு) ஒரு புராசஸைத் தடுப்பு போட்டு உட்கார வைப்பதுதான். தடுப்புக்கு நேம்ஸ்பேஸ், தீனிக்கு அளவு வைக்க சி-குரூப். சி-குரூப் 2008-லேயே 2.6.24 கெர்னலில் வந்துவிட்டது. டாக்கரை ஊருக்குக் காட்டியது 2013 மார்ச்சில், பைகான் என்ற பைதான் மாநாட்டு மேடையில், ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றில். அதாவது சரக்கு பழையது, சாப்பிடச் சுலபமாகப் பொட்டலம் கட்டியதுதான் டாக்கர். உபுண்டுவில் கெர்னல் கையிலேயே இருக்கிறது, அதனால் எடையே தெரியாது. விண்டோஸிலும் மேக்கிலும் கெர்னலுக்காக ஒரு குட்டி லினக்ஸ் பின்னால் ஓடியாக வேண்டும். விண்டோஸில் அது டபிள்யூ.எஸ்.எல்.2. விட்டால் ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். உங்கள் யூசர் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் டபிள்யூ.எஸ்.எல் கான்ஃபிக் என்ற ஃபைலில் மெமரி 3 ஜிபி என்று எழுதி, டபிள்யூ.எஸ்.எல்லை ஒரு தடவை ஷட்டவுன் பண்ணுங்கள். குரோமில் நாற்பது டேப் திறந்து வைக்கும் வழக்கம் இருந்தால் அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

இன்னொன்று. கோட் சி டிரைவில் இருக்கக் கூடாது. டபிள்யூ.எஸ்.எல்லுக்குள் இருக்கும் ஹோம் ஃபோல்டரில் வையுங்கள். சி டிரைவிலிருந்து ஒவ்வொரு ஃபைலும் ஒரு பாலம் தாண்டி வர வேண்டும், ஜாங்கோ கிளம்புவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். எடிட்டரில் சேவ் செய்தது உள்ளே தெரியவும் தெரியாது, ரீலோட் ஆகாது.

12 ஜூன் 2024, மதியம் 1.20

‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’ என்று உங்களில் ஒருவருக்கு வருகிறதாம், இன்றுதான் முதல் தடவையாக இமேஜ் இழுக்கிறாராம். அவர் மேல் தப்பில்லை. லாகின் செய்யாமல் இழுத்தால் இமேஜ் கிடங்கான டாக்கர் ஹப் ஆறு மணி நேரத்துக்கு நூறு தடவைதான் கொடுக்கும், 2020-லிருந்து இப்படி. அந்த நூறு ஆளுக்கு இல்லை, ஐ.பி முகவரிக்கு. உங்கள் நெட் கம்பெனி ஒரே முகவரியைத் தெரு முழுக்கப் பங்கு போட்டிருந்தால் உங்கள் நூறை யாரோ தீர்த்திருப்பார்கள். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி லாகின் செய்து இழுங்கள், இருநூறு கிடைக்கும்.

இல்லையென்றால் நான் இமேஜ்களை டாக்கர் சேவ் போட்டு ஃபைலாக எடுத்துப் பென்டிரைவில் அனுப்புகிறேன். நீங்கள் டாக்கர் லோட் போட்டால் போதும், நெட்டே வேண்டாம். ஞாயிறு என் மச்சான் கோயம்புத்தூரிலிருந்து திண்டுக்கல் வருகிறார். மூடி தொலைந்த சிவப்பு நிற 32 ஜிபி. வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும்.

மேக் நண்பர் மட்டும் நெட்டிலேயே இழுக்கட்டும். நான் அனுப்புவது இன்டெல் வகைக்கான இமேஜ்.

12 ஜூன் 2024, இரவு 9.40

‘கண்டெய்னருக்குத் தமிழில் கொள்கலன் என்று எழுதலாமே’ என்று ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். எழுதிப் பார்த்தேன். ‘கொள்கலனை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பவும்’ என்றால் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவருக்குச் சொல்வது போல இருக்கிறது.

லைசன்ஸ் பயம் வேண்டாம். டாக்கர் டெஸ்க்டாப்புக்கு 2021-லிருந்து காசு கேட்கிறார்கள், ஆனால் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், அல்லது வருடத்துக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வருமானம் உள்ள நிறுவனத்துக்குத்தான். படிப்பகத்தின் உறுப்பினர் சந்தாவைக் கூட்டினால் அந்த எல்லை கொஞ்சம் தூரம்.

29 ஜூன் 2024, இரவு 11.15

முதல் நாள் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். பைதானையும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள்.

காரணம் நீங்கள் கேட்ட பிடிஎஃப். அலமாரிக்கு ஒட்ட வகைவாரிப் பட்டியல் அச்சடிக்க வீசிபிரிண்ட் (பிடிஎஃப் செய்யும் பைதான் லைப்ரரி) எடுத்திருக்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் அது எழுத்தைக் கோக்க பாங்கோ என்ற லைப்ரரியை நம்பியிருக்கிறது. உபுண்டுவில் ஒரு வரி இன்ஸ்டால். மேக்கில் ஹோம்ப்ரூ. விண்டோஸில் அது ஒரு புனித யாத்திரை. மூன்று பேருக்கும் மூன்று வழி என்றால் ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்.

ஆகவே பைதான் 3.12 ஸ்லிம் இமேஜ், அதன் மேல் பாங்கோ, அதன் மேல் உங்கள் ரிக்வயர்மென்ட்ஸ் (வேண்டிய பைதான் பேக்கேஜ்களின் பட்டியல்). வரிசை முக்கியம். டாக்கர்ஃபைலில் (இமேஜ் கட்டும் செய்முறை) ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைலை மட்டும் முதலில் காப்பி பண்ணி பிப் இன்ஸ்டால் போடுங்கள், மீதிக் கோட் ஃபைல்களை அதற்குக் கீழே காப்பி பண்ணுங்கள். டாக்கர் ஒவ்வொரு வரியையும் ஒரு அடுக்காக வைத்துக்கொள்கிறது. ஒரு அடுக்கு மாறினால் அதற்குக் கீழே எழுதிய எல்லாம் திரும்ப ஓடும். தலைகீழாகப் போட்டால் டெம்ப்ளேட்டில் ஒரு கமா மாற்றியதற்கு ஜாங்கோவை முதலிலிருந்து இறக்கும்.

இரண்டு மாற்றம் கூடவே செய்ய வேண்டும். இனி ஜாங்கோ டேட்டாபேஸைத் தேட வேண்டியது லோக்கல்ஹோஸ்ட்டில் இல்லை, கம்போஸில் சர்வீஸுக்கு வைத்த பெயரில். கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னரேதான். அதோடு 10-ம் தேதி சொன்ன 5433 இங்கே செல்லாது. உள்ளுக்குள் பேசும்போது 5432. அடுத்தது, ரன்சர்வரை (ஜாங்கோவோடு வரும் சோதனை சர்வர்) 0.0.0.0:8000 என்று ஓட விடுங்கள். சும்மா விட்டால் 127.0.0.1-ல், அதாவது லோக்கல்ஹோஸ்ட்டில், உட்கார்ந்துகொண்டு வெளியிலிருந்து யார் கதவைத் தட்டினாலும் திறக்காது.

30 ஜூன் 2024, காலை 6.50

பிடிஎஃபில் ஆங்கிலமும் எண்ணும் வருகிறது, தமிழ் மட்டும் கட்டம் கட்டமாக வருகிறது என்று படம் போட்டிருக்கிறீர்கள். ஆமாம், நேற்றே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்பில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, கண்டெய்னருக்குள் இல்லை. பாங்கோவை இன்ஸ்டால் செய்யும்போது கூடவே டெஜாவு எழுத்துரு ஒட்டிக்கொண்டு வரும், அதில் தமிழ் கிடையாது. ஃபான்ட்ஸ், லோஹித், டி-ஏ-எம்-எல் என்று ஹைஃபன் போட்டுச் சேர்த்தால் டெபியனில் ஒரு பேக்கேஜ் இருக்கிறது. அதை டாக்கர்ஃபைலில் பாங்கோ வரியிலேயே சேர்த்துவிடுங்கள்.

30 ஜூன் 2024, இரவு 8.00

உபுண்டு நண்பருக்கு: மேக்மைக்ரேஷன்ஸ் (டேட்டாபேஸ் மாற்றங்களை ஃபைலாக எழுதும் ஜாங்கோ கமாண்டு) ஓட்டிய பிறகு அந்த ஃபைல்களை எடிட்டரில் திருத்த முடியவில்லை, பர்மிஷன் டினைட். உள்ளே ஓடுவது ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்), அதனால் எழுதிய ஃபைலும் ரூட்டுக்குச் சொந்தம். கம்போஸில் யூசர் 1000:1000 என்று போடுங்கள். உபுண்டுவில் முதலில் உருவாக்கிய பயனருக்கு எண் 1000-தான் இருக்கும். மேக்கில் இது தெரியவே தெரியாது. ரூட் அதிகாரம் தரும் சூடோ போட்டுத் திருத்திக்கொண்டே போகாதீர்கள், பழக்கமாகிவிடும்.

3 ஜூலை 2024, இரவு 10.10

இரண்டு திருத்தம்.

ஒன்று. 10-ம் தேதி இரவு ‘சி டிரைவில் இருந்தால் ரீலோட் ஆகாது’ என்று அடித்துச் சொன்னேன். விஷயம் தெரிந்த ஒருவர் பிடித்துவிட்டார். ஃபைல் மாறியதாக கெர்னல் சொல்லும் என்று காத்திருக்கும் கருவிகளுக்குத்தான் அது பொருந்தும், நோடு (ஜாவாஸ்கிரிப்ட்) பக்கத்துச் சாமான்கள் பல அப்படி. ஜாங்கோவின் ரன்சர்வர் யாரையும் நம்பாமல் நொடிக்கொரு தடவை தானே எல்லா ஃபைலின் நேரத்தையும் எட்டிப் பார்க்கும். ஆகவே ரீலோட் ஆகும். ஆனால் அந்தப் பாலத்தின் மேல் நொடிக்கொரு தடவை ஓடிப் பார்ப்பதால் லேப்டாப் ஃபேன் கிரைண்டர் மாதிரி சுற்றும். கோட் ஃபைல்களை இடம் மாற்றச் சொன்னது அப்படியே நிற்கிறது, காரணத்தைத்தான் தப்பாகச் சொன்னேன்.

இரண்டு. கம்போஸில் டிபென்ட்ஸ்-ஆன் (டேட்டாபேஸ் கிளம்பிய பிறகு கிளம்பு) போட்டும் ஜாங்கோ முதலில் கிளம்பி ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்’ என்று விழுகிறது என்றீர்கள். அந்த வரி கண்டெய்னர் கிளம்பியதா என்று மட்டும் பார்க்கும், போஸ்ட்கிரஸ் கண் விழித்ததா என்று பார்க்காது. ஹெல்த்செக் ஒன்று எழுதுங்கள், அதில் போஸ்ட்கிரஸ் தயாரா என்று கேட்கும் பிஜி-ஈஸ்ரெடி கமாண்டு. ஜாங்கோ பக்கம் ‘சர்வீஸ் ஹெல்தி’ ஆனால்தான் கிளம்பு என்று நிபந்தனை வையுங்கள்.

அதிலும் ஒரு பொடி இருக்கிறது. வால்யூம் காலியாக இருக்கும் முதல் தடவை, இமேஜ் ஒரு தற்காலிக போஸ்ட்கிரஸைக் கிளப்பி, வேலையை முடித்து, அதை நிறுத்திவிட்டு நிஜத்தைக் கிளப்பும். தற்காலிகம் நெட்வொர்க்கில் கேட்காது, உள் சாக்கெட்டில் (அந்தக் கண்டெய்னருக்குள்ளேயே பேசும் வழி) மட்டும்தான் இருக்கும். பிஜி-ஈஸ்ரெடி வெறுமனே ஓடினால் அந்தச் சாக்கெட்டைப் பார்த்துவிட்டு ‘தயார்’ என்று சொல்லிவிடும். ஹோஸ்ட் 127.0.0.1 என்று சேர்த்து எழுதினால் ஏமாறாது. இதற்காக நான் ஒரு காலத்தில் ஐந்து நொடி ஸ்லீப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். மெதுவான ஹார்டு டிஸ்க்கில் அந்த ஐந்து நொடி போதவில்லை.

7 ஜூலை 2024, மாலை 4.30

‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’: மேக் நண்பர் பில்ட் பண்ணிய இமேஜை உபுண்டுக்காரர் லோட் பண்ணினாராம். அந்த இமேஜ் ஆர்ம் வகைச் சிப்புக்கானது, இந்த லேப்டாப் இன்டெல். இமேஜைக் கைமாற்றாதீர்கள், டாக்கர்ஃபைலைக் கைமாற்றுங்கள். அவரவர் பில்ட் பண்ணிக்கொள்ளலாம்.

‘நோ சச் ஃபைல்’: என்ட்ரிபாயிண்ட் ஸ்கிரிப்ட் (கண்டெய்னர் கிளம்பும்போது ஓடுவது) கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. விண்டோஸில் கிட் (கோட் பகிரும் கருவி) இழுத்தபோது ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து சேர்ந்திருக்கும். முதல் வரியில் ஷெல்லின் (ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ப்ரோகிராம்) பெயரோடு அது ஒட்டிக்கொள்ள, அந்தப் பெயரில் ஒரு ஷெல்லைத் தேடி இல்லை என்கிறது. கிட் ஆட்ரிபியூட்ஸ் ஃபைலில் ஷெல் ஸ்கிரிப்ட்டுகளுக்கு வரி முடிவு எல்.எஃப் (லினக்ஸ் வழக்கம்) என்று எழுதிவிடுங்கள், ஒரு தடவை எழுதினால் மூன்று பேருக்கும் தீர்ந்தது.

அந்த ஸ்கிரிப்ட்டின் கடைசி வரிக்கு முன்னால் எக்ஸெக் சேருங்கள். நிறுத்தும்போது ஒவ்வொரு தடவையும் பத்து நொடி முழிப்பது நிற்கும்.

14 ஆகஸ்ட் 2024, இரவு 9.00

வகைப் பட்டியல் அகரவரிசையில் வரவில்லையாம். டேட்டாபேஸிடம் அடுக்கச் சொல்லும் ஆர்டர் பை போட மறந்திருப்பீர்கள்.

14 ஆகஸ்ட் 2024, இரவு 9.45

போட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும். மாதிரிக்கு நாலு வகையைக் கொடுத்து என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன், என்னிடம் சரியாகத்தான் வருகிறது.

(இதை எழுதிவிட்டு ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்கரைப் பற்றி இரண்டு மாதம் வாய் கிழியப் பேசிவிட்டு ‘என்னிடம் சரியாக வருகிறது’ என்கிறேன்.)

15 ஆகஸ்ட் 2024, காலை 10.20

லீவு நாள், நிதானமாகப் பார்த்தேன். தப்பு என்னுடையது.

உங்கள் பட்டியல் இப்படி வருகிறது: அனுபவம், அரசியல், அறிவியல். நாட்டு நடப்புக்கு அந்த வரிசை பொருந்தலாம், அகரவரிசைக்குப் பொருந்தாது. அரசியல், அறிவியல், அனுபவம் என்று வர வேண்டும். ழ, ள, ற, ன என்று கடைசியில் நிற்கும் எழுத்து அல்லவா ன. ஆய்வுக்கு முன்னால் ஆன்மிகம் வருவதும், சமையலுக்கும் தத்துவத்துக்கும் நடுவில் ஜோதிடம் புகுந்திருப்பதும் அதே கதைதான்.

யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்த எண் வரிசை நம் நெடுங்கணக்கு இல்லை. ந-வுக்கு அடுத்த எண்ணிலேயே ன இருக்கிறது. ர-வுக்கு அடுத்து ற. ல, ள, ழ, அதற்கும் பிறகுதான் வ. ஜ போய் ச-வுக்கும் ஞ-வுக்கும் இடையில். எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் நீங்கள் கண்டதுதான் வரும். எழுத்து வரிசை அறிந்து அடுக்குவது லொகேல் (மொழி வழக்கைச் சொல்லும் அமைப்பு) வேலை. டெபியன் இமேஜில் அந்த வேலையை ஜிலிப்சி என்ற லைப்ரரி செய்கிறது. ஆல்பைனில் ஜிலிப்சி கிடையாது, மஸல் என்ற சின்ன லைப்ரரி. சின்னதாக இருப்பதற்காக அது கைவிட்டவற்றில் இந்த வரிசை அறிவும் ஒன்று. லொகேல் என்ன எழுதினாலும் பைட் வரிசைதான், அதாவது அதே எண் வரிசை.

என்னிடம் இருப்பது பழைய ப்ராஜெக்ட்டிலிருந்து எடுத்த டெபியன் இமேஜ். உங்களுக்கு ஆல்பைன் சொன்னது நான். எரர் எதுவும் வராமல், மூன்று லேப்டாப்பிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி தப்பு.

வழி: டெபியன் வகை 16-க்கு மாறுங்கள். கூடவே தலைப்பு, ஆசிரியர், வகை மூன்று ஃபீல்டுக்கும் ஐசியு என்ற மொழி லைப்ரரியின் தமிழ் கொலேஷனை (அடுக்கும் விதி) போடுங்கள். ஜாங்கோவில் ஃபீல்டிலேயே டிபி-கொலேஷன் என்று எழுத 3.2-லிருந்து இடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் நாளை யார் எந்த இமேஜை மாற்றினாலும் வரிசை இமேஜைப் பொறுத்து மாறாது. பைதானில் சார்ட்டட் போட்டு அடுக்கிய இடங்களையும் தேடிப் பாருங்கள், அதுவும் எண் வரிசைதான்.

அதே வால்யூமின் மேல் இமேஜை மட்டும் மாற்றாதீர்கள். இன்டெக்ஸ் (டேட்டாபேஸ் தேடப் பயன்படுத்தும் அட்டவணை) பழைய வரிசையில் கட்டியது, புது ஆள் அதைப் புது வரிசை என்று நம்பித் தேடுவார், இருக்கும் புத்தகம் இல்லை என்று வரும். டேட்டா முழுவதையும் ஃபைலாக டம்ப் எடுத்து, புது வால்யூமில் ரெஸ்டோர். நான் மதியம் இங்கே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் படிப்படியாக எழுதுகிறேன். அதுவரை தொடாதீர்கள்.

15 ஆகஸ்ட் 2024, மாலை 6.40

தொடாதீர்கள் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று.

என் வீட்டுப் புத்தகங்கள் 340-ஐயும் இதே மாதிரி ஒரு டேட்டாபேஸில் வைத்திருந்தேன். மூன்று வாரம், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி அலமாரி அலமாரியாகத் தலைப்பைப் படித்துச் சொல்ல நான் தட்டினேன். இன்று ஆல்பைனை வைத்து உங்கள் தப்பை இங்கே வரவழைக்க நினைத்தேன். பாதுகாப்புக்காக ஃபோல்டரையே காப்பி பண்ணி, சோதனை என்று பெயர் வைத்து, அதற்குள் போய், சுத்தமாக ஆரம்பிக்கலாம் என்று கம்போஸ் டவுன் (கண்டெய்னர்களை நிறுத்தி எடுத்துவிடும் கமாண்டு), மைனஸ் வி.

அந்த ‘வி’ வால்யூமையும் சேர்த்து அழிக்கும். அது தெரிந்துதான் போட்டேன். ஃபோல்டர் வேறு என்றால் வால்யூமும் வேறு என்று நினைத்தேன். பொதுவாக அப்படித்தான், கம்போஸ் ஃபோல்டர் பெயரை வைத்துத்தான் வால்யூமுக்குப் பெயர் கட்டும். ஆனால் நான் எப்போதோ அழகுக்காக கம்போஸ் ஃபைலின் மேலேயே ப்ராஜெக்ட் பெயரை எழுதி வைத்திருந்தேன். காப்பி பண்ணிய ஃபைலிலும் அதே பெயர். அதே பெயர் என்றால் அதே வால்யூம். ‘ரிமூவ்ட்’ என்று பச்சையில் காட்டியது. அரை நொடிகூட ஆகவில்லை.

திரும்ப எடுக்க வழி இல்லை. பேக்கப் ஏப்ரலில் எடுத்தது, அதில் 90 புத்தகம். மனைவியிடம் சொன்னேன். ‘நான் மறுபடியும் படிக்க மாட்டேன்’ என்றாள்.

17 ஆகஸ்ட் 2024, இரவு 10.00

படிப்படியாக எழுதுகிறேன் என்றேன். மூளை இப்போதுதான் திரும்பி வந்தது.

டம்ப் எடுக்கும்போது விண்டோஸ் பவர்ஷெல்லில் பெரிதுகுறி (>) போட்டு ஃபைலுக்குத் திருப்பாதீர்கள். பழைய பவர்ஷெல் நடுவில் புகுந்து எழுத்து வடிவத்தை மாற்றி எழுதும், தமிழ் எல்லாம் நாசம். ஃபைல் இருக்கும், அளவும் இருக்கும், திறந்து பார்த்தால்தான் தெரியும். டபிள்யூ.எஸ்.எல் டெர்மினலில் செய்யுங்கள். அல்லது பிஜி-டம்ப்பிடமே ஃபைல் பெயரைக் கொடுத்துக் கண்டெய்னருக்குள் எழுதச் சொல்லி, டாக்கர் சிபி (காப்பி) போட்டு வெளியே எடுங்கள்.

எடுத்ததும் திறந்து, தெரிந்த ஒரு புத்தகத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். பிறகு கம்போஸில் இமேஜையும் மாற்றுங்கள், வால்யூம் பெயரையும் மாற்றுங்கள். பழைய வால்யூமை அழிக்க வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும். புதிதில் ரெஸ்டோர். எண்ணிக்கை சரிதானா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ‘வி’ எங்கேயும் வராது.

19 ஆகஸ்ட் 2024, காலை 8.15

2,118 இருந்தது, 2,118 வந்தது, ஜோதிடம் கடைசிக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. என்னுடையது இன்று 104. மகன் படிக்கிறான், புத்தகத்துக்கு இரண்டு ரூபாய் என்று பேச்சு.

2 செப்டம்பர் 2024, இரவு 9.30

பேக்கப் ஃபைலில் எல்லாம் ஒருநாள் பழைய தேதி இருக்கிறதே, இன்று ஓடவே இல்லையா என்று கேட்டீர்கள். ஓடியிருக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஓட வைத்திருக்கிறீர்கள், கண்டெய்னருக்குள் கடிகாரம் யூடிசி, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே அப்போது முந்தின நாள் இரவு பதினொன்றரை. ஆறு மணிக்கு மாற்றினாலும் போதும். ஸ்கிரிப்ட்டுக்கு நம் நேரம்தான் வேண்டுமென்றால் டிஇசட் (நேர மண்டலம்) மாறிக்கு ஏஷியா, கொல்கத்தா என்று கொடுங்கள், இமேஜில் டிஇசட்-டேட்டா பேக்கேஜ் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

11 அக்டோபர் 2025, இரவு 10.50

ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி இந்தப் பக்கம். புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் ‘எப்போதும் லேட்டஸ்ட் இருக்கட்டும்’ என்று டேக்கை எடுத்துவிட்டார், போஸ்ட்கிரஸ் கிளம்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் போஸ்ட்கிரஸ் 18 வந்துவிட்டது. அந்த இமேஜில் டேட்டா வைக்கும் இடத்தையே மாற்றிவிட்டார்கள், பழைய இடத்தில் வால்யூமை மாட்டினால் எரர் அடித்து நின்றுவிடும். இடத்தைச் சரிசெய்தாலும் 16 எழுதிய டேட்டாவை 18 நேரடியாகப் படிக்காது. நின்றுபோனதில் கெட்டது ஒன்றும் நடக்கவில்லை, டேட்டா பத்திரமாக இருக்கிறது. டேக்கில் 16-ஐத் திரும்பப் போடுங்கள், கிளம்பிவிடும். 18-க்குப் போவது அவசரம் இல்லை. போவதென்றால் அதே டம்ப், புது வால்யூம், ரெஸ்டோர்.

புதியவரைத் திட்ட வேண்டாம். டேக் ஏன் வேண்டும் என்று முதல் நாள் குறிப்பில் நான் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, சும்மா போடுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறேன். இப்போது படித்தபோது தெரிகிறது. அந்தக் குறிப்பில் ஆல்பைன் என்று இருப்பதை அடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். இருக்கட்டும், கீழே வரை படிக்கிறவர்களுக்குப் புரியும்.

12 அக்டோபர் 2025, காலை 7.30

கிளம்பிவிட்டது என்று பார்த்தேன், நல்லது. நாலாயிரமும் ஏறிவிட்டதாமே. தம்பி, அந்தச் சிவப்புப் பென்டிரைவ் இன்னும் வரவில்லை.